சோதனைக்கு அச்சிட்ட அட்டைகள்

ராயபுரம் மாடி அறையில் காலையிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இருவரும் இழுக்கிறார்கள். சரக்குக் கிடங்குத் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை அச்சிடும் மென்பொருள். அதன் பணிப் பட்டியலில் ‘தோட்டி’ என்று இருக்கிறது. ‘துப்புரவுப் பணியாளர்’ என்று மாற்றச் சொல்கிறாள் தட்டச்சு செய்யும் செங்கொடி. மென்பொருளை எழுதிய பக்தவச்சலம் அலுத்துக்கொள்கிறார். “இன்னாம்மா பேஜாரு பண்றே? பழைய ரிஜிஸ்டர்ல கீறதுதான். வெறும் வார்த்தைம்மா. மாத்தினா புரோகிராம் பூரா கை வைக்கணும்.” வெயில் மானிட்டர்மேல் இருக்கும் பிளாப்பிகள்வரை ஏறிவிட்டது. கீழே கண்டெய்னர் லாரிகள் ஹாரனை விடுவதாயில்லை. இவரும் விடுவதாயில்லை, ஆறாவது தடவையாக அதே ‘வெறும் வார்த்தை’. செங்கொடி, நேற்று அவர் சோதனைக்கு அச்சிட்ட அட்டைகளை மேசையில் பரப்புகிறாள். மேலாளர், பக்தவச்சலம். கிரேன் ஓட்டுநர், பக்தவச்சலம். காவலாளி, பக்தவச்சலம். எல்லாவற்றிலும் அவர் சிரிக்கும் புகைப்படம். கடைசி அட்டையில் விரலை வைக்கிறாள். பணி, தோட்டி. பெயருக்கும் படத்துக்கும் உரிய இடங்கள் வெள்ளையாக இருக்கின்றன. “வெறும் வார்த்தைதானே சார்? இதுல மட்டும் இன்னாத்துக்கு உங்க போட்டோ இல்ல?”