சிரிக்க வைத்தவன்

பஸ் டிரைவருக்கு வயிறு எரிந்தது. முகவாதம் வந்து ஒரு பக்கம் மரத்துப்போன மனைவியின் முகத்துக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் இத்தனை இளைஞனாக இருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

முதல் வாரம் வெளி பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வாரம் மனசு கேட்கவில்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால், எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அவள் முகம் சிரிக்கிறது. கல்யாண போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

இன்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போய்விட்டார்.

"அப்படி என்ன தம்பி ஜோக் சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். போன வாரம் சிரிங்கன்னா கன்னத் தசை மட்டும் உதட்டை இழுக்கும். கண்ணைச் சுத்தி இருக்கிற தசை அதோட சேர்ந்து வராது. மனசார சிரிச்சாத்தான் ரெண்டும் சேர்ந்து வேலை செய்யும். இந்த வாரம் தானா வருது."

"அதான் கேக்கறேன். யாரைப் பார்த்து வருது?"

மனைவி திரும்பாமலே சொன்னாள்: "நாள் பூரா கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியைப் பார்த்துத்தானே ஓட்டுறீங்க? கதவிடுக்குல உர்ருனு ஒரு மூஞ்சி நின்னா எனக்கு மட்டும் தெரியாதா?"

டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கதவு முழுசாகத் தெரிந்தது.

"பயிற்சி இன்னும் பாதி இருக்கு சார்," என்றான் இளைஞன். "வெளியில போய் அதே மூஞ்சியோட நில்லுங்க."