பெருங்காற்றுக்குச் சாட்சி

"எங்க கொள்ளுப்பாட்டி ஒரு திருடி, டிம்ப்னா."

ஃபின்டன் கார்வி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். டீயில் பால் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை.

"அப்படி எதைத் திருடினாங்க?"

"வயசை. 1901 மக்கள்தொகைக் கணக்குல ஹானோரா கார்விக்கு நாற்பத்தெட்டு. பத்து வருஷம் கழிச்சு 1911 கணக்குல எழுபத்துநாலு."

"பாவம், என்ன கஷ்டமோ. உங்களைக் கட்டிக்கிட்ட பத்து வருஷத்துல நானும் அப்படித்தான் ஆனேன்."

"விளையாடாதே. அதே வீட்டுல கடைசிப் பையனுக்குப் பதினஞ்சு வயசுன்னு எழுதியிருக்கு. அதான் எங்க தாத்தா. அப்போ அம்பத்தொன்பது வயசுல பெத்தாங்களா?"

"போட்டோவைப் பார்த்தப்பவே நினைச்சேன், உங்க தாத்தா சாதாரணப் பிறவி இல்லைன்னு."

ஃபின்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பென்ஷன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லிப் பணம் வாங்குகிறவர்களைப் பிடிப்பதுதான் உத்தியோகம். அவர் கார் தெருவில் திரும்பினால், கைத்தடியை மறந்துவிட்டு ஜோராக நடந்துகொண்டிருந்த ஆட்களெல்லாம் ஓடிப்போய் எடுத்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டனிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். 'நூற்றிரண்டு வயது வாழ்ந்த ஹானோரா' என்று கல்லறைக்குப் புதுக் கல் நாட்டப் போகிறார்கள். குடும்ப வரலாற்றை எழுதி வாசிக்க வேண்டியது ஃபின்டன். உண்மையை வாசித்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். பொய்யை வாசித்து அவருக்குப் பழக்கமில்லை.

"இந்தப் பழைய பேப்பரைக் கேளு. 1909, எழுபது வயசுக்காரங்களுக்கு முதல் முதலா பென்ஷன் வந்த வருஷம். அந்தக் காலத்துல இங்க யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்துச்சு? 1839ல அயர்லாந்தையே புரட்டிப் போட்ட பெருங்காத்து ஞாபகம் இருக்கான்னு கேப்பாங்க. இருக்குன்னா பென்ஷன்."

"உங்க பாட்டிக்கு ஞாபகம் இருந்துதா?"

"நல்லாவே இருந்திருக்கு! கையில உருளைக்கிழங்கு வச்சுத் தின்னுக்கிட்டிருந்தாங்களாம். காத்து வந்து தோலை மட்டும் உரிச்சுக்கிட்டுப் போயிடுச்சாம்."

"நல்ல காத்துங்க. நம்ம சமையலறைப் பக்கம் வரமாட்டேங்குது."

"அதிகாரி நம்பலை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் எழுந்து சத்தியம் பண்ணிச் சாட்சி சொல்லவும்தான் கொடுத்திருக்காங்க. காத்தடிச்சுப் பதினாலு வருஷம் கழிச்சுப் பொறந்தவங்க டிம்ப்னா, எங்க பாட்டி! நூறாவது பிறந்தநாளுக்குப் பேட்டி வேற. பல்லு ஒண்ணுகூட விழலையேன்னு நிருபர் ஆச்சரியப்படறான்."

"விட்டுடுங்களேன். செத்தவங்க மேல வழக்கா போடப் போறீங்க?"

"நான் விட்டாலும் மலாக்கி டியர்னி விடமாட்டான். அடக்கப் பதிவேடு அவன்கிட்டதான் இருக்கு. கல் செதுக்கறவர் அதோட நகல் இல்லாம உளியைத் தொடமாட்டேங்கறார். அதுல மட்டும் உண்மையான வயசு இருந்துச்சு, தொலைஞ்சேன்."

எல்லைச் சுவர் ஒன்றை முன்னிட்டு டியர்னி வீட்டுக்கும் கார்வி வீட்டுக்கும் நாலு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஊரில் மதுக்கடையும் சவப்பெட்டிக் கடையும் டியர்னி குடும்பத்துடையதுதான். உயிரோடு இருக்கும்வரை எந்தக் கார்வியும் அந்தக் கடை வாசலை மிதித்ததில்லை. செத்த பிறகு எல்லாரும் அங்கேதான் போனார்கள்.

மறுநாள் காலை ஃபின்டன் உயிரோடு போனார்.

அவர் வந்த விஷயத்தைச் சொன்னதும், மலாக்கி கண்ணாடித் தம்ளரைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார்.

"ஹானோரா கார்வி. 1939. வயசு நூற்றிரண்டு. போதுமா?"

ஃபின்டனுக்கு உயிர் வந்தது. நகலை வாங்கிக்கொண்டு பேசாமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர் சும்மா இருந்தால்தானே?

"இதை எதை வச்சு எழுதினாங்க?"

மலாக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதையும் வச்சு இல்ல. எங்க தாத்தா எழுதினது. எண்பத்தாறுன்னு தெரிஞ்சேதான் எழுதினாரு."

ஃபின்டன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்கு... தெரியுமா?"

"தெரியாம என்ன? பெருங்காத்து அன்னிக்கு உங்க கொள்ளுப்பாட்டியைப் பார்த்தேன்னு சத்தியம் பண்ணினது எங்க கொள்ளுத்தாத்தா. அந்தாளே காத்தடிச்சு ஏழு வருஷம் கழிச்சுத்தான் பொறந்தாரு."

"அப்பவே சுவர் வழக்கு நடந்துக்கிட்டு இருந்துதே?"

"நல்லா நடந்துது. காலையில கோர்ட்டுல உங்க பாட்டியை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, மத்தியானம் பென்ஷன் விசாரணைக்குப் போய்ச் சாட்சி சொல்லியிருக்காரு. உங்க வீட்டுக் கூரையில புகையே காணோமாம். புருஷன் செத்து, அடுப்பு எரியாத வீடு. அவருக்குப் பார்க்கச் சகிக்கலையாம்."

"இத்தனை வருஷமா ஊர்ல யார்கிட்டயும் சொல்லலையா? ஒரு வார்த்தை போதுமே, எங்க மானம் கப்பலேறியிருக்கும்."

மலாக்கி மறுபடி தம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு தடவை சொல்லக் கிளம்பினேன். முட்டை வித்த காசைக் கணக்குல காட்டலைன்னு எங்கம்மா பென்ஷனை நிறுத்தினீங்களே, அன்னிக்கு."

அந்த அம்மாளின் முகம் ஃபின்டனுக்கு ஞாபகம் வந்தது. உத்தியோக முறையில் வீட்டுக்கே போய்ச் சட்டத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது.

"கோட்டையும் மாட்டிட்டேன்" என்றார் மலாக்கி. "அம்மாதான் கதவை மறிச்சுக்கிட்டு நின்னாங்க. 'அது பசிக்காகச் சொன்ன பொய்டா. உன் கோபத்துக்காக அதை வாபஸ் வாங்காதே'ன்னுட்டாங்க."