ஒரு மாதத்து எண்ணெய்

அக்டோபர் பதினோராம் தேதி காலை, கோழிப் பண்ணையின் தீவன அறையில் இருந்த எண்ணெய் டின் காலியாகிவிட்டது. மாதம் முழுதும் வரவேண்டிய டின் அது.

அவள் டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். சில சொட்டுகள்தான் விழுந்தன. போன மாதமும் இதே கதை.

ஆளி விதை எண்ணெய். முட்டையிடும் கோழிகளின் தீவனத்தில் தினம் ஒரு குவளை கலந்தால் மஞ்சள் கரு சத்தாக இருக்கும், மருத்துவமனைச் சமையல்கூடத்தில் அந்த முட்டையைத்தான் கேட்கிறார்கள் என்று கால்நடை டாக்டரம்மா சொல்லித் தொடங்கிய வேலை.

"என்னங்க, டின் மறுபடியும் காலி," என்றாள், தட்டில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த கணவனிடம்.

அவன் நிமிரவில்லை. "இன்னும் என்ன சாட்சி வேணும்? தம்பி சட்டையைப் பாத்தேல்ல?"

பார்த்திருந்தாள். நேற்றுத் துவைக்கும்போது கொழுந்தனின் சட்டைக் கையில் எண்ணெய்க் கறை. அதில் தவிடு ஒட்டியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

கொழுந்தன் ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போகிறவன். விடிவதற்கு முன் வந்து பின்னறையில் படுத்தால், மத்தியானம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பான். முன்பு ஒருமுறை பண்ணையின் பழைய மோட்டாரை யாரிடமும் சொல்லாமல் விற்றவன். சூடு கண்ட பூனை அடுப்படிக்கு வராது என்று நம்பியிருந்தார்கள்.

"நேத்தே, கறையைப் பாத்ததும் கேட்டேன். நான் எடுக்கலன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டான்," என்றான் கணவன். "இன்னிக்குச் சாயங்காலம் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புன்னு சொல்லிட்டேன்."

"எங்கங்க போவான்?"

"கிடங்குலேயே படுத்துக்கட்டும். எனக்குச் சண்டை போடத் தெம்பில்ல."

அவளுக்கும் இல்லை. கொழுந்தன் சின்னப் பையனாக இருந்தபோது இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அதையெல்லாம் சொல்லி வாதாட வாயைத் திறந்தாள். கொட்டாவிதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்தார். அந்த வாரம் செத்த கோழிகளில் ஒன்றை மேசையில் போட்டு அறுத்தார். வயிறு நிறைய மஞ்சள் கொழுப்பு. ஈரல் தொட்டவுடன் உதிர்ந்தது.

"வியாதி எதுவும் இல்ல. தின்னே செத்திருக்கு. எண்ணெய் எவ்வளவு ஊத்தறீங்க?"

"ஒரு குவளைதான்," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ எதுக்கு ஊத்தறே? நான்தான் ராத்திரி தீவனம் கலக்கும்போதே ஊத்திடறேனே."

"நீங்களா? நான் காலையில எந்திரிச்சதும் ஊத்தறேன். நாள் பூரா ஓடறீங்களேன்னு..."

"நானும் அதுக்குத்தான். உனக்கு ஒரு வேலை குறையட்டுமேன்னு."

காலையில் தீவனம் கையில் பிசுபிசுத்ததை அவள் மழை ஈரம் என்று நினைத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் ஒருவர் பேச ஆரம்பிக்கும்போது மற்றவர் தூங்கியிருப்பார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "ஊர்ல புருஷன் பொண்டாட்டி, நீ செய், நீ செய்னு அடிச்சுப்பாங்க. நீங்க பாசத்தைக் காட்டிக் கோழியைக் கொல்றீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. "அப்ப தம்பி எடுக்கலைங்க. நாமதான் கொட்டியிருக்கோம்."

கணவன் விரல் விட்டு எண்ணினான். முகம் மறுபடி இறுகியது. "ரெண்டு பேர் ஊத்தினாலும் பாதி மாசமாவது வரணும்ல? பத்தே நாள்ல தீந்திருக்கு. மிச்சம் எங்க போச்சு?"

"அதுவும் நியாயம்தான்," என்றார் டாக்டரம்மா.

அவள் காலி டின்னை மறுபடி எட்டிப் பார்த்தாள். இறங்கிய கல் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் கொழுந்தன் பையுடன் வாசலுக்கு வந்தான். அண்ணன் முட்டைத் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றாள் அவள்.

"ஆச்சு அண்ணி."

"எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடா. மத்ததை நான் அவர்கிட்ட பேசிக்கறேன்."

"எடுக்காததை எப்படி அண்ணி எடுத்தேன்னு சொல்றது?"

குரலில் கோபம்கூட இல்லை. தூக்கம் போதாமல் கண்கள் சிவந்திருந்தன. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். இரண்டடி போனவன், எதையோ மறந்தவன்போல நின்று திரும்பினான்.

"அண்ணி, நாளையிலேர்ந்து தீவனத்துல எண்ணெய் ஊத்த நான் இருக்க மாட்டேன், மறந்துடாதீங்க."