விழும் பக்கம்

ஆள் இடப்பக்கம் விழுந்தால் படகையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போதுதான் படகின் பின்புறம் வலப்பக்கம் ஒதுங்கும். எஞ்சின் விசிறி விழுந்தவரைச் சீவாது. பதறிப்போய் எதிர்ப்பக்கம் திருப்பினால் பின்புறம் நேராக ஆள்மேல் ஏறிவிடும். இது படகுத்துறையில் பழம் விற்பவருக்குக்கூடத் தெரியும். ஆனாலும் போன மழைக்காலத்தில் படகோட்டி எதிர்ப்பக்கம்தான் திருப்பினார். விழுந்தது அவர் மனைவியின் தம்பி.

அதற்குப் பிறகு சுக்கான் அவர் கைக்குள் நிற்பதில்லை. ஒருநாள் நடு ஆற்றில் அதுவாகவே இடப்பக்கம் திரும்பியது. அவர் இழுத்துப் பிடிப்பதற்குள், இடப்பக்கம் உட்கார்ந்திருந்த தபால்காரர் தண்ணீரில் கிடந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அடுத்த வாரம் வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் விழுந்தார். அவரும் பிழைத்தார்.

"சுக்கான் பிடிக்கிறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல" என்றார்கள் எல்லோரும்.

"நான் திருப்பல. ஆள் விழறதுக்கு முன்னாடியே அதுவா திரும்புது" என்று மனைவியிடம் மட்டும் சொன்னார்.

அவள் தட்டில் சோற்றைப் போட்டாள். "அன்னிக்குத் திரும்பல பாருங்க" என்றாள்.

இன்று சாயங்காலம் எல்லோரையும் அக்கரையில் இறக்கிவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தார். நடு ஆற்றில் சுக்கான் வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அவர் உட்கார்ந்திருந்ததும் வலப்பக்கம்தான். விளிம்பை இறுகப் பிடித்தபடி மெல்ல நகர்ந்து இடப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

சுக்கான் சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு, அவசரமே இல்லாமல், இடப்பக்கம் திரும்பியது.