சொந்த வார்த்தையில்

தையல்கார அக்காவின் நெற்றியில் நான்கு தையல்.

"ஊருக்கெல்லாம் நான் தைச்சேன், கடைசியில என்னையே தைச்சிட்டாங்க" என்று சிரித்தபடிதான் உள்ளே வந்தார்.

பழைய பிரஷர் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறதாம். புது மருந்துதான் வந்துவிட்டதே, பழசு எதற்கு என்று விட்டிருக்கிறார். தலை சுற்றி மெஷின் மேலேயே விழுந்திருக்கிறார்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

புது மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு அதன் பாஷையை உரித்த வாழைப்பழமாகக் கொடுப்பதுதான் என் வேலை. ரேண்டமைசேஷன் என்றால் குலுக்கல். பிளாசிபோ என்றால் மருந்தே இல்லாத மாத்திரை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அதனால்தான் பழைய மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது.

சொன்னால் மட்டும் போதாது. கேட்டவர் அதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதிக்கொண்டு, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு என் படிவங்களைத்தான் மாதிரியாகக் காட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கோப்பைத் திறந்து அந்தக் கட்டத்தை வாசித்தேன்.

'எனக்கு வருவது மருந்தில்லாத மாத்திரையாகவும் இருக்கலாம். ஆகவே பழைய மாத்திரையை நிறுத்த மாட்டேன்.'

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று அக்காவைத்தான் கடிந்துகொண்டார். பழைய மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ்வளவு அழகாவா சொன்னேன்? என் தப்புதாம்மா. மறந்து தொலைச்சிட்டேன். உங்களுக்கும் கெட்ட பேரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

மறுபடியும் விளக்கினேன், மெதுவாக. விளக்கிவிட்டுக் காத்திருந்தேன். அவர் மேஜை விளிம்பை விரலால் நீவிக்கொண்டே யோசித்தார்.

"அப்போ பழைய மாத்திரைதான் துணி. இந்தப் புதுசு மேல வச்சுப் பார்க்கிற ஒட்டு. நிக்குமா நிக்காதான்னே இன்னும் தெரியாது. நான் ஒட்டை நம்பித் துணியைத் தூக்கிப் போட்டுட்டேன்."

ஏழு வருடத்தில் ஒருமுறைகூட நான் இப்படி விளக்கியதில்லை.

"சரியா சொன்னேனா? எழுதிக்கோங்க" என்றார்.

பேனாவைத் திறந்தேன். கட்டத்தில் இடமில்லை.

அக்கா கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மணி ஒன்றரை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்கு இந்த ஒரு விதி பறந்தது. நான் கடகடவென்று ஒப்பித்து முடித்ததும், "நீங்க சொன்னா சரிதாம்மா" என்று மட்டும்தான் அக்கா சொன்னார். கட்டத்தில் இருந்தது முழுக்க என் வாக்கியம். அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேருக்கும் அதே வாக்கியம்தான்.

அக்கா இன்னும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதியாச்சுக்கா" என்று கோப்பை மூடினேன்.