நுவரெலியாவில் ஒரு நிதானமான சாப்பாடு

சனிக்கிழமை காலை வந்த கடிதத்தைப் படித்ததிலிருந்து டீமேக்கர் முத்துலிங்கத்துக்கு ஒரே யோசனை, எந்தக் கடையில் சாப்பிடுவது என்பதுதான்.

கொழும்புக் கம்பனியின் இன்ஸ்பெக்டர் சின்னராசா ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலில் நானுஓயாவில் வந்து இறங்குகிறார். அன்றைக்கே ஸ்டோரில் உள்ள தேயிலைப் பெட்டிகளை எண்ணிப் பார்க்கப் போகிறார். தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் ஸ்டோரு என்றுதான் பேர்; அதைப் பார்த்துக்கொள்பவர்தான் டீமேக்கர். அந்த ஸ்டோரில் இருபது பெட்டி குறைகிறது. அவை எங்கே இருக்கின்றன என்பது முத்துலிங்கத்துக்கும், லிந்துலைக் கடைவீதியில் கடை வைத்திருக்கும் ரிஸ்வி நானாவுக்கும் மட்டும் தெரியும்.

"ஒரு நாளைக்குத் திருப்பிக் குடுங்க நானா. அவரு எண்ணிட்டுப் போனதும் நீங்களே எடுத்துக்கிடுங்க," என்றார் முத்துலிங்கம், ரிஸ்வியின் கடைப் பின்னறையில் உட்கார்ந்து.

"தாறதப் பத்தி ஒண்டுமில்ல ஐயா. லொறி கண்டியில நிக்கிது. நாளைக்கு ஒரு மணிக்குத்தான் வரும். ஏத்தி எறக்க நாலு மணியாகிடும்."

ரயில் வருவது பன்னிரண்டரைக்கு. ஆக, அந்த மனுஷரை மூன்றரை மணி நேரம் எங்காவது உட்கார வைத்தாக வேண்டும். தவறினால் வேலை போகும், தோட்டம் கொடுத்த வீடு போகும், பிறகு கம்பி எண்ண வேண்டியதுதான்.

வீட்டிலேயே கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன் என்று மனைவி பூரணி காலையிலேயே சொல்லியிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஸ்டோரு வாசல் பளிச்சென்று தெரியும். ஆகையால் கோழி பிழைத்தது.

தலவாக்கலை சைவக் கடை சுத்தமானது. ஆனால் இலை போட்டுக் கை கழுவுவது வரை பதினைந்து நிமிஷம். அதற்குள்ளேயே அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவான். ஹட்டன் புரியாணி இன்னும் மோசம், பேச நேரமில்லாமல் உள்ளே இறங்கிவிடும். ரெஸ்ட் ஹவுசில் ஒரு மணி நேரம் இழுக்கலாம். அங்கேயோ லொறி போகும் ரோட்டைப் பார்த்துத்தான் மேசை போடுவார்கள்.

"மெதுவாச் சாப்பாடு குடுக்கிற கடை எது நானா?"

ரிஸ்வி நெற்றியைத் தடவினார். "நுவரெலியாவுல தொரைமாரு சாப்பிடுற பெரிய ஹோட்டல். நான் அங்க முட்டை குடுக்கிறவன், பாத்திருக்கேன். ஒரு கிண்ணத்துல சூப் வரும். குடிச்சு முடிஞ்சா பரிமாறுற ஆளையே காணேலாது. பொறகு ஒரு துண்டு மீன் வரும். திரும்பவும் ஆளக் காணேலாது. சோறு வரும் எண்டு பாத்துக்கிட்டிருந்தா கோப்பி வந்துடும்."

அதைவிட உயர்ந்த கடை இலங்கையிலேயே இருக்க முடியாது என்று முத்துலிங்கம் முடிவு செய்தார். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. கழுத்தில் டை இருந்தால் நம்மவர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானுஓயாவில் இறங்கியவர்களில் கோட்டும் தொப்பியுமாக இருந்தவர் ஒரே ஒருவர். முத்துலிங்கம் ஓடிப்போய், தான் இன்ன தோட்டத்து டீமேக்கர் என்று சொல்லிக் கும்பிட்டார்.

"உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்," என்றார் அவர்.

"மொதல்ல சாப்பாடுங்க ஐயா. ஸ்டோரு எங்கயும் ஓடிப்போயிடாது."

"அதுவும் சரிதான்."

அவ்வளவுதான் பேச்சு. பெரிய உத்தியோகத்தர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று முத்துலிங்கத்துக்குத் தெரியும்.

ஹோட்டலில் முத்துலிங்கம் கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்து, பக்கத்து மேசை வெள்ளைக்கார அம்மா தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். விருந்தாளியோ மீனின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்து ஓரமாக வைத்தார். அதற்கு முன் சூப் ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்பியிருந்தார். வலது பக்கமாகத் தட்டை நீட்டிய வெயிட்டருக்கு, பரிமாறுவது இந்தப் பக்கம் என்று தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். பிறவி அதிகாரி என்று முத்துலிங்கத்துக்கு ஒரு பக்கம் பயம். சூப் திரும்பிப் போனதில் இருபது நிமிஷம் கிடைத்ததே என்று மறுபக்கம் சந்தோஷம்.

ஆட்டு ரோஸ்டை அவர் நிறுத்தி நிறுத்தி மென்றார். புடிங் இரண்டாம் முறை கேட்டார். சீஸ் வேண்டுமா என்றதற்கு, இருக்கிற வகை எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டச் சொன்னார். முத்துலிங்கம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபோதெல்லாம் அவரும் பார்த்தார். கோப்பி வந்தபோது நாலு அடித்தது.

இருபது பெட்டியும் இந்நேரம் வரிசையாக அடுக்கியிருக்கும். கடிதம் வந்ததிலிருந்து முதல்முறையாக முத்துலிங்கத்துக்கு மூச்சு சீராக வந்தது.

"இனி ஸ்டோருக்குப் போவமா ஐயா?"

அவர் வாய் துடைத்த துணியை அழகாக மடித்து வைத்தார். "நான் எதுக்குங்க? இன்ஸ்பெக்டர் ஐயா வழியில தலவாக்கலையிலயே எறங்கி அப்பவே ஸ்டோருக்குப் போயிட்டாரு. நான் அவரு பங்களாவுல சமைக்கிற அப்பு. கோட்டு அவரோடது."

முத்துலிங்கம் சுவர் மணிக்கூட்டை இன்னொரு தரம் பார்த்தார்.

"எந்தத் தோட்டத்துக்குக் கடுதாசி போட்டாலும் யாராவது ஸ்டேஷனுக்கு வந்து சாப்பிடக் கூப்புடுறாங்க. பெட்டி ஏத்துன லொறியும் சரியா அந்நேரந்தான் ஸ்டோருக்கு வருது. அதனால, நீ போய் நெதானமா சாப்பிட்டுட்டு வான்னு என்னய அனுப்பிடுவாரு." அப்பு அந்தப் பெரிய மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"போன மாசம் அக்கரப்பத்தனைத் தோட்டத்து டீமேக்கரு கூட்டிக்கிட்டுப் போனது அரைமணி நேரக் கடைங்க, ஐயாவுக்குப் பாதிப் பெட்டிதான் எண்ண முடிஞ்சிச்சு, கடைன்னா உங்கள மாதிரித்தான் பாத்துத் தேர்ந்தெடுக்கணும்."