ஸ்ட்ரெதம் இடக்கைக்காரர்

வென்றால், பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர். தோற்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்தக் கடைசி ஆட்டத்தில் இருபத்தாறு வயது யனுஷன்தான் வெல்வான் என்று லண்டன் அரங்கில் எல்லோரும் நினைத்தார்கள். எதிரே நின்ற, தெற்கு லண்டன் ஸ்ட்ரெதம் பகுதியைச் சேர்ந்த ஜீவரத்தினத்துக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய பெயரைக்கூட அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவர் இடக்கையால் எறிந்த கடைசி அம்பு பலகையில் குத்தி நின்றபோது யனுஷன் தோற்றிருந்தான்.

வெளியே வந்ததும் அவன் தன் சட்டையையும் பேனாவையும் அவரிடம் நீட்டினான்.

"ஒரு கையெழுத்துப் போடுங்கோ அண்ணை. பிறவி இடக்கைக்காரர் எறியிற வடிவே தனி."

ஜீவரத்தினம் சிரித்தபடி பேனாவை வாங்கி, வலக்கையால் எழுதினார்.

"வலக்கையாலயோ எழுதுறியள்?"

"ஓம் தம்பி. ஜெர்மனியில பத்தொன்பது வருசம் எறிஞ்சதும் இந்தக் கையாலதான். ஒருநாள் விரல் அம்பை விடமாட்டன் எண்டிட்டுது. ஓங்குவன், விட ஏலாது. எத்தினை டொக்டர்மாரிட்டப் போயும் சரிவரேல்லை."

"பிறகு?"

"இடக்கையால துவங்கினன். முதல் ஆறு மாசம் பலகையில படேல்லை, சுவரிலதான் குத்தினது. மனுசி ஓட்டை அடைச்சே களைச்சுப் போனா. இப்ப நாலு வருசமாகுது."

யனுஷனுக்குத் தோற்ற கசப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அப்ப நான் நாலு வயசுக் கையிட்டயோ அண்ணை தோத்தனான்?" என்று கேட்டவன், அந்த இடக்கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.